தஞ்சை வட்டாரச் சிறுதொழில் மானியங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களில் குறுந்தொழில், சிறுதொழில் தொடங்குவோருக்கும் ஏற்கெனவே நடத்துவோருக்கும் மாநில அரசும் ஒன்றிய அரசும் தரும் முதலீட்டு உதவிகள் இவை. பெரும்பாலானவை வங்கிக் கடனோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. வங்கி கடன் தர இசைந்தால்தான் மானியம் பிறக்கும். வங்கி மறுத்தால் எந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியும் பயனில்லை. 'எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும்?' என்று கேட்டபடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவோர் பலர் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். என்ன தொழில், எந்த ஊர், எவ்வளவு முதல், யாருக்கு விற்பது என்ற நான்குக்கும் விடை வைத்திருப்பவருக்குத் திட்டம் தானே அமைந்துவிடும்.

சொல்லும் முன்வரலாறும்

மானியம் என்பது இந்த வட்டாரத்தில் வயலில் வழங்கிய சொல். கோயிலுக்கும் மடத்துக்கும் விட்ட நிலம் மட்டுமல்ல, ஊர்த் தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் ஆகியோர் செய்த ஊழியத்துக்காக வரியின்றியோ குறைந்த வரியிலோ விட்டுவைத்த நிலமும் மானியம்தான். அந்த நிலம் ஊழியத்தோடு கட்டுண்டது: வேலை நடக்கும்வரை விளைச்சல் அவர்களுக்கு. இனாம் ஒழிப்புச் சட்டங்கள் 1963இல் வந்து அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தன. தொழில் நடந்தால்தான் மானியம் என்ற கட்டு மட்டும் இன்றைய திட்டங்களிலும் அப்படியே இருக்கிறது.

சிறுதொழிலுக்கு அரசு பணம் தரலாமா என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி முன்னின்று நடத்திய சென்னை மாகாணத் தொழில் முயற்சிகளை, தனியார் வேலையில் அரசு தலையிடுகிறது என்று சொல்லி இந்திய விவகார அமைச்சர் மார்லி 1910இல் தடுத்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. சென்னை மாகாணத் தொழில் உதவிச் சட்டம், 1922 என்ற சட்டத்தின் மூலம் தொழில்களுக்கு அரசுக் கடன் கொடுக்க வழி பிறந்தது. அதற்கு முன்பே கும்பகோணத்து வணிகர்களும் மிராசுதார்களும் தங்கள் பணத்தைத் தாங்களே திரட்டியிருந்தார்கள். இன்றைய சிட்டி யூனியன் வங்கி, 1904இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கியதே.

விடுதலைக்குப் பின் 1949இல் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகமும் 1970இல் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவும் வந்தன. இந்தக் கட்டுரைக்கு எல்லாவற்றிலும் முக்கியமான ஆண்டு 1978. மாவட்டத்துக்கு ஒரு தொழில் மையம் என்ற ஏற்பாடு அவ்வாண்டு தொடங்கியது.

யாரிடம் போவது

மாவட்டத் தொழில் மையம்தான் முதல் வாசல். அதன் தலைவர் பொது மேலாளர். கீழே சொல்லப்படும் மாநிலத் திட்டங்களில் பெரும்பாலானவை இவர் மேசை வழியாகவே போகின்றன. அமெரிக்கா போன்ற நாடுகளில் நகராட்சியும் கவுண்டியும் தம் சொந்தப் பணத்திலிருந்து சிறு கடைகளுக்கு உதவி தருவதுண்டு. இங்கே மாநகராட்சியோ ஊராட்சியோ தன் நிதியிலிருந்து தொழில் மானியம் தருவதில்லை. தெருவோர வியாபாரிகளை அடையாளம் கண்டு சான்று கொடுத்து, பிரதமரின் ஸ்வாநிதி கடனுக்கு அனுப்பிவைப்பது மட்டும் நகராட்சி, மாநகராட்சிகளின் வேலை. மற்றபடி 'உள்ளூர் உதவி' என்றால் மாவட்ட அளவு என்றே பொருள்.

உணவுத் தொழிலுக்கு இன்னொரு வாசல் உண்டு. தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம் (நிஃப்டெம்) அது. 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் சிறு ஆய்வகமாகத் தொடங்கி வளர்ந்தது. இவர்கள் மானியம் தருபவர்கள் அல்லர். பயிற்சி தருவார்கள், பொருளைச் சோதித்துத் தருவார்கள், அங்குள்ள தொழில் வளர் மையத்தின் இயந்திரங்களில் நம் பண்டத்தைச் செய்து பார்க்க இடம் கொடுப்பார்கள். கருப்புக்கவுனி மாவோ மாப்பிள்ளைச் சம்பா அவலோ விற்க நினைப்பவர், இயந்திரம் வாங்குமுன் இங்கே ஒருமுறை போய்வருவது நல்லது. விலைக்கு வாங்கி ஓட்டமுடியாமல் போன இயந்திரத்தை எந்த மானியமும் காப்பாற்றாது.

திட்டங்கள்: ஓர் அவல் ஆலையை வைத்து

அம்மாப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டு நெல்லை அவலாக்கி விற்க ஒரு பெண் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊறவைக்கும் தொட்டி, வறுக்கும் இயந்திரம், தட்டும் இயந்திரம், சலிப்பான், பொட்டலம் கட்டும் இயந்திரம், முதல் கொள்முதலுக்கான நெல் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய். நிலம் அவருடையது, நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008இல் தொடங்கியது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்கு 25 விழுக்காடு, பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு 35 விழுக்காடு மானியம். நகர்ப்புறத்தில் இவை 15, 25 ஆகக் குறையும். நம் அவல் ஆலைப் பெண்ணுக்கு 3.5 லட்சம் மானியம். சொந்தப் பங்கு 5 விழுக்காடு, அதாவது 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சத்தையும் வங்கி கடனாகத் தரும்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். 3.5 லட்சம் அவர் கைக்கு வருவதில்லை. அது அவர் பெயரில் வங்கியில் தனி வைப்பாக மூன்று ஆண்டு கிடக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வங்கி வட்டி வாங்கக்கூடாது. கணக்குப்படி அவர் 6 லட்சத்துக்குத்தான் வட்டி கட்டுகிறார். தன் கணக்கு அப்படித்தான் ஓடுகிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

இன்னொரு நுட்பம்: இத்திட்டத்தில் பயிர் சாகுபடிக்கு இடமில்லை. நெல் விளைவிக்க உதவி கேட்டால் விண்ணப்பம் திரும்பும், அதே நெல்லை அவலாக்கக் கேட்டால் ஏற்கப்படும். படுகை விவசாயக் குடும்பங்கள் இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் குறையும்.

அதே பெண் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டத்துக்குப் போனால் (2020 ஜூனில் தொடங்கியது, ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று செலவைப் பகிர்கின்றன) அங்கும் 35 விழுக்காடு, உச்சவரம்பு 10 லட்சம்; சொந்தப் பங்கு மட்டும் 10 விழுக்காடு. இதன் பெரிய நன்மை, ஏற்கெனவே நடக்கும் தொழிலையும் இது சேர்த்துக்கொள்கிறது. பத்து ஆண்டாக வீட்டுத் திண்ணையில் முறுக்கு சுற்றி விற்பவர், கும்பகோணத்தில் அப்பளம் இடுபவர், திருவையாற்றில் அசோகா அல்வா கிண்டுபவர் எல்லாரும் அடுப்பை மாற்றவும் இயந்திரம் சேர்க்கவும் கேட்கலாம். உணவுத் தொழிலில் இருக்கும் மகளிர் குழுக்களுக்கு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. விண்ணப்பம் எழுதித் தரவும் வங்கியில் உடன்நின்று பேசவும் மாவட்ட வள நபர் என்று ஒருவரை அரசே அமர்த்தியிருக்கிறது. அவருக்கு நாம் கூலி தரவேண்டியதில்லை.

மாநிலத் திட்டங்களில் எளியது, வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 விழுக்காடு, உச்சமாக 3.75 லட்சம். கடை வைப்பதற்கும் இது பொருந்தும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. பெரிதாக நினைப்பவர்களுக்கு 'நீட்ஸ்' என்று அழைக்கப்படும் புதிய தொழில்முனைவோர் திட்டம்: 10 லட்சம் முதல் 5 கோடி வரை, 25 விழுக்காடு, உச்சம் 75 லட்சம், கூடவே 3 விழுக்காடு வட்டிச் சலுகை. பட்டியல் இன, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு, உச்சம் 1.5 கோடி, 6 விழுக்காடு வட்டிச் சலுகை என்று போகிறது. நிலம் பெரும்பாலும் பிறர் கையில் இருக்க, கூலி வேலையிலேயே தலைமுறைகள் கழிந்த கீழத்தஞ்சையில் இந்தத் திட்டத்தின் தேவை மற்ற எதற்கும் குறைந்ததல்ல. தொகைகளும் வரம்புகளும் அரசாணைக்கு அரசாணை மாறும். விண்ணப்பிக்கும் மாதத்தில் நடப்பிலுள்ள ஆணையைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு விதி, கடன் அனுமதிக்கு முன்னால் இயந்திரம் வாங்கிவிடக் கூடாது என்பது. புதுத் தொழிலுக்கான திட்டங்கள் ஏற்கெனவே நிறுவிய ஆலையை ஏற்பதில்லை. மாநில அரசின் முதலீட்டு மானியமோ நேர் எதிர்: இயந்திரம் நிறுவி, உற்பத்தி தொடங்கிய பிறகே இயந்திர மதிப்பில் ஒரு பங்கைக் கேட்டு விண்ணப்பிக்கவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பது வழக்கமாக நடக்கும் தவறு.

நஞ்சைக்கு நடுவே

படுகையில் தொழில் என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள், உருக்காலை, தாமிர உருக்கு ஆலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கத் தடை விதிக்கிறது. அரிசி ஆலைக்கும் அவல் ஆலைக்கும் தடையில்லை. ஆனாலும் நெல் ஊறிய நீரை வாய்க்காலில் விட்டால் கீழ்மடைக்காரர் சும்மா இருக்கமாட்டார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு தேவையா என்பதைத் திட்ட அறிக்கை எழுதும்போதே பார்த்துவிடவேண்டும்.

தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை நாடு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அங்கே கொப்பரை, எண்ணெய் என்றால் உணவுத் திட்டம் பொருந்தும். கயிறும் நார்க்கழிவும் உணவு அல்ல, அவற்றுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தைக் கயிறு வாரியம் வழியாகவே கேட்கலாம்.

கைவினைஞர்கள்

தலையாட்டி பொம்மை, தஞ்சை ஓவியம், கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்கள் இத்தனை நெருக்கமாக இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறில்லை. இவர்களுக்கு இரண்டு திட்டங்கள் பேசப்படுகின்றன. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17இல் தொடங்கியது. குடும்பத் தொழில் செய்வோருக்கே என்ற விதி சாதி வழித் தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழ்நாடு அரசு எதிர்த்து, குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்கவும் கேட்டது. 2024 நவம்பரில் அத்திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்துவிட்டது. அதற்கு மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம் (உச்சம் 50,000), 5 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டியதில்லை. 35 வயது ஆகியிருக்கவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும் என்ற அந்த எண்ணம் சரியானது.

ஆனால் தொகை போதாது. சுவாமிமலைப் பட்டறை ஒன்றைப் பாருங்கள். மெழுகில் குங்கிலியம் கலந்து உரு செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். பிறகு சூடேற்றி மெழுகை வடித்து உலோகம் ஊற்றுகிறார்கள். கருவிகள் உளி, அரம் என்று சிறியவை, விலை குறைந்தவை. பணம் முழுவதும் செம்பிலும் பித்தளையிலும் முடங்குகிறது. ஆர்டர் கொடுத்தவர் சிலையை எடுத்துச் செல்லும்வரை திரும்பாது. கருவி வாங்கத் தரும் மானியத்தைவிட, உலோகம் வாங்கச் சுழலும் கடன் ஒன்றுதான் இவர்களுக்கு வேண்டியது.

விண்ணப்பக் கட்டும் வங்கி மேசையும்

கட்டில் இருக்கவேண்டியவை: ஆதார், பான், சாதிச் சான்று, கல்விச் சான்று, இட உரிமை அல்லது வாடகை ஒப்பந்தம், ஜிஎஸ்டி எண் உள்ள விற்பனையாளரிடம் வாங்கிய கொட்டேஷன், திட்ட அறிக்கை. தொழில் தொடங்கியபின் உத்யம் பதிவு வேண்டும். அது முற்றிலும் இலவசம். உணவென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் சேரும். விண்ணப்பங்கள் இணையவழி, கட்டணம் இல்லை. 'மானியத்தில் இத்தனை விழுக்காடு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்று வருபவருக்கு ஒரு ரூபாயும் தரவேண்டியதில்லை.

வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது சிபில் மதிப்பெண். குழுக்கடன், நகைக்கடன், பைக் கடன் எதில் தவணை தவறியிருந்தாலும் அது அங்கே தெரியும். 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் முன்னோடி வங்கி மேலாளரிடமும் தொழில் மையத்திலும் எழுத்தில் முறையிடலாம். மறுத்தால் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

படுகைக்கே உரிய ஒன்றைத் திட்ட அறிக்கையில் சேர்க்க எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மேட்டூர் அணை திறந்து சம்பா விளைந்து, தை, மாசியில் நெல் களத்துக்கு வரும்போதுதான் இங்கே ஆலைக்கு மலிவாக நெல் கிடைக்கும், ஊரில் பணமும் புழங்கும். வங்கித் தவணையோ மாதாமாதம். ஐப்பசி மழையில் நெல் காயாமல் ஆலை நிற்கும் மாதத்திலும் அது வரும். எனவே முதல் தவணை எந்த மாதம் தொடங்கவேண்டும் என்பதைக் கடன் அனுமதியின்போதே பேசி, தவணை விடுப்பை அறுவடை வரை நீட்டி வாங்குவதும், நெல் கொள்முதலுக்கான நடைமுறை மூலதனத்தைத் தனியாகக் கேட்பதும் அவசியம்.

பிரதமரின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் மூன்று ஆண்டு முடிந்ததும் நேரில் வந்து பார்ப்பார்கள். ஆலை ஓடுகிறதா, பெயர்ப்பலகை இருக்கிறதா, கணக்கு இருக்கிறதா என்று பார்த்து எழுதிப் போனபின், அந்த 3.5 லட்சம் தனி வைப்பிலிருந்து அவல் ஆலைப் பெண்ணின் கடன் கணக்குக்கு மாறும். ஆலையைப் பூட்டியிருந்தால் பணம் வந்த வழியே அரசுக்குத் திரும்பிவிடும்.