விளையாட்டும் வெளியீடும்: ஒரு வணிக வரலாறு

நூலொன்றைக் கையிலெடுத்தால் முதலில் ஆசிரியர் பெயரையும் அடுத்துப் பதிப்பகத்தின் பெயரையும் பார்ப்பது தமிழாசிரியர் வழக்கம். வீடியோ விளையாட்டைக் கையிலெடுக்கும் நம் மாணவர்க்கு அவ்வழக்கம் இல்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாகப் பணியாற்றும் யான், ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள், "நீங்கள் ஓயாது ஆடும் விளையாட்டை எழுதியவர் யார்?" என்று வினவினேன். "அதையெல்லாம் யாராவது எழுதுவார்களா, ஐயா?" என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்டாள். அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

விளையாட்டை ஆக்குவோர் வேறு; வெளியிடுவோர் வேறு. ஆக்குவோர் கதை புனைந்து, படம் வரைந்து, இசையமைத்துக் கணினி நிரல் எழுதுவர். வெளியீட்டாளர் முன்பணம் தருவர், விளம்பரம் செய்வர், பிற மொழிகளிற் பெயர்ப்பர், விற்பனைக்கு வழி காண்பர். தாம் இட்ட முதலைத் திரும்ப எடுத்துக்கொண்ட பின்னரே ஆக்கியோர்க்குப் பங்கு தருவது பெருவழக்கு. தோற்றால் பண இழப்பு பெரும்பாலும் வெளியீட்டாளருடையது. வென்றால் உரிமையும் பல வேளைகளில் அவருடையதே. இவ்வணிகத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு தட்டுகளுக்கிடையே ஆடிய தராசின் வரலாறாகும்.

அமெரிக்காவில் 1972 இல் தோன்றிய அட்டாரி நிறுவனம், 1976 இல் வார்னர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மறு ஆண்டில் அது வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவியொன்றை விற்பனைக்கு விட்டது. அக்கருவிக்குரிய விளையாட்டுகளை எழுதியோர்க்குச் சம்பளம் உண்டு. பெட்டியின்மேல் பெயர் இல்லை. வாரன் ராபினெட் என்பார் தாம் எழுதிய 'அட்வென்சர்' விளையாட்டினுள் ஓர் மறைவான அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். டேவிட் கிரேன் முதலிய நால்வரோ அங்கிருந்து விலகி, 1979 இல் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனம் தோன்றக் காரணராயினர். கருவி செய்வோர் ஒருவராகவும் விளையாட்டு வெளியிடுவோர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதை உலகிற்குக் காட்டியது அந்நிறுவனமே. ஆசிரியரின் பெயரையும் அது அச்சிட்டு வெளியிட்டது.

அட்டாரி தொடுத்த வழக்கு 1982 இல் உடன்பாட்டில் முடிந்தது. கதவு திறந்ததும் தகுதியுடையோரும் இல்லாதோரும் ஒருங்கே நுழைந்தனர். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனமும் விளையாட்டு வெளியிடப் புகுந்தது என்றால் அக்காலத்து ஆசையின் அளவு விளங்கும். அட்டாரியும் நிதானம் இழந்தது. 'ஈ.டி.' என்னும் திரைப்படத்தின் பெயரைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, 1982 ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து, ஐந்தே வாரத்தில் அவ்விளையாட்டை எழுதுவித்தது. மில்லியன் கணக்கிற் செய்தவற்றுள் பெரும்பகுதி விலைபோகவில்லை. 1983 இல் விற்காத சரக்கு நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டது. 2014 இல் அதனைத் தோண்டியெடுத்துக் காட்டினர். அமெரிக்கச் சந்தையே அவ்வாண்டுகளிற் சரிந்தது.

சரிவிலிருந்து பாடம் கற்றது ஜப்பானின் நிண்டெண்டோ. 1985 இல் அமெரிக்காவில் நுழைந்த அந்நிறுவனம், தன் ஒப்புதல் பெறாத விளையாட்டு இயங்காதவாறு கருவியினுள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. ஒரு வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம் என்றும் விதித்தது. குப்பை குறைந்தது, ஆயின் வணிகத்தின் கடிவாளம் முழுவதும் ஒருவர் கைக்குச் சென்றது. ஐந்து போதாதென எண்ணிய கொனாமி நிறுவனம், அல்ட்ரா என்னும் வேறொரு பெயரில் மேலும் சில வெளியிட்டது. 1994 இல் சோனி மலிவான குறுவட்டில் விளையாட்டுகளைத் தரத் தொடங்கியதும் பெரிய வெளியீட்டாளர் பலர் அப்பக்கம் சாய்ந்தனர்.

குறுவட்டு மலிந்ததும் வேறொரு இடர் வந்தது. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் திருட்டு வட்டுகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த காலத்தை நம்மிற் பலர் அறிவோம். வட்டு உற்பத்திக்கு உரிமம் வேண்டுமென விதிக்கும் ஒளிவட்டுச் சட்டம் 2000 ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்டது. பின்னர் 2003 இல் தொடங்கிய ஸ்டீம் முதலிய இணையக் கடைகள் வட்டின் தேவையையே குறைத்தன. எனினும் விற்பனையில் பொதுவாக நூற்றுக்கு 30 பங்கைக் கடைக்காரர் எடுத்துக்கொள்கின்றனர்.

இம்மாற்றத்தினாலேயே நம் வட்டாரத்தார்க்கும் வாயில் திறந்தது. ஜப்பானிற் பெரிய நிறுவனமொன்றிற் பணியாற்றித் திரும்பிய வான் ஹஸ்மர் முதலியோர் 2017 இல் கோலாலம்பூரில் மெட்ரோனோமிக் நிறுவனத்தை அமைத்தனர். அவர்களது 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. வெளியீட்டாளர் இங்கிலாந்தின் சோல்ட் அவுட் நிறுவனத்தார். அதில் ஒரு பாத்திரம் மலாய் மொழியிலேயே ராப் பாடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்றொரு நிறுவனமான பேஷன் ரிபப்ளிக், அயல்நாட்டு விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுத்துத் தேறிய பின், 2022 இல் 'ஜிகாபாஷ்' விளையாட்டைத் தானே ஆக்கித் தானே வெளியிட்டது. முன்னவர் துணை நாடி இடரைப் பகிர்ந்தனர். பின்னவர் இடரைத் தாமே ஏற்று உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். எது சிறந்தது என்பதைக் கைம்முதலே தீர்மானிக்கும்.

இவ்விரு வழிகளும் தமிழர்க்குப் புதியன அல்ல. பதிப்பகம் கிடைக்காத மலேசியத் தமிழ் எழுத்தாளர், கைப்பொருள் இட்டு நூல் அச்சிட்டு, வெளியீட்டு விழா நடத்தி, எஞ்சிய படிகளை வீட்டில் அடுக்கி வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். 1924 இல் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளிதழும் 2019 இல் நின்றுபோயிற்று. ஆர்வம் எழுதுவிக்கும், வணிக அறிவே எழுதியதை வாழ்விக்கும்.

நம் நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிற் பயிலும் சிறுவர் விளையாட்டை வாங்குவோராகவே நின்றுவிடுவரோ, அன்றி ஆக்குவோராகவும் வெளியிடுவோராகவும் உயர்வரோ என்பது நம் கையிலும் இருக்கிறது. மலாய்ப் பாட்டு ஒரு விளையாட்டில் ஏறி உலகைச் சுற்றுமாயின் தமிழ்க் கதையும் ஏறலாம். அதற்குக் கதை சொல்லக் கற்பிப்பதோடு, கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். மறுவாரம் அம்மாணவியிடம், "யாரோ எழுதுகிறார்கள், அம்மா, நீயும் எழுதலாம்" என்றேன். "எழுதினால் என் பெயரைப் போடுவார்களா, ஐயா?" என்று உடனே கேட்டாள். அட்டாரியின் நால்வர் கேட்டதும் அதுவே.