மலையோடையில் குடியேறிய மீன்

நுவரெலியா என்றதும் நேயர்களுக்குக் குளிரும் தேயிலையும் ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டங்களும் நினைவுக்கு வரும். அம்மலைப் பிரதேசத்தின் ஓடைகளில் நூறாண்டுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ஒரு மீனைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசுவதில்லை. 'ட்றவுட்' என்பது அதன் பெயர். நம்மவர் வழக்கில் அதற்குத் தமிழ்ப் பெயர் கிடையாது. கொண்டு வந்தவர்கள் பெயரையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். ஒரு மீனின் கதைதானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால் அக்கதைக்குள் மலையகத்தின் கதையும் அடங்கியிருக்கிறது என்பதே என் கருத்து.

பிறவுண் ட்றவுட் மீனின் முட்டைகள் நுவரெலியாவுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது 1882ஆம் ஆண்டில். இந்த ஆண்டை நாம் கவனிக்க வேண்டும். 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோய், அதற்குள் இலங்கையின் கோப்பிச் செய்கையைப் பெரிதும் அழித்திருந்தது. துரைமார் பலர் கடனாளிகளாயினர். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியன்டல் வங்கி 1884இல் கதவை மூடியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. இப்படி நாடே தடுமாறிய வேளையில், ஆங்கிலேயத் துரைமார் தம் தாயகத்து ஆற்றுமீனை இங்கே வாழவைக்க முயன்றார்கள். இலாபம் இதற்குக் காரணமன்று. தாய்நாட்டின் ஆற்றங்கரையைத் தாம் வாழும் மலைக்கே வரவழைக்கும் ஆசைதான் காரணம்.

குளிர்நாட்டு மீனின் முட்டையை வெப்பக் கடல் கடந்து எவ்வாறு கொண்டுவருவது? இதற்கு விடை அதற்குமுன்பே கிடைத்திருந்தது. 1864ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 'நோர்ஃபோக்' என்ற கப்பல், அவுஸ்திரேலியாவுக்கு மீன் முட்டைகளை ஏற்றிச் சென்றது. முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து மரப்பெட்டிகளில் வைத்து, அப்பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் அடுக்கியிருந்தார்கள். குளிரில் முட்டைக்குள் இருக்கும் உயிர் மெல்ல மெல்லத்தான் வளரும். அதனால் ஏறத்தாழ மூன்று மாதப் பயணத்தையும் தாங்கித் தஸ்மேனியாவில் குஞ்சுகள் பொரித்தன. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இலங்கைக்கான கடற்பயணம் மேலும் சுருங்கியது.

கடலைக் கடந்த பின்னரும் ஒரு தடை எஞ்சியிருந்தது. புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது 1885இல்தான். எனவே 1882இல் பயணத்தின் இறுதிப் பகுதியை மலைப்பாதை வழியேதான் கடந்திருக்க வேண்டும். பனிக்கட்டி கரையுமுன் அப்பெட்டியை மேலே ஏற்றிவிட வேண்டும். அதைச் சுமந்த கைகள் யாருடையவை? நான் வாசித்த குறிப்புகளில் மீனைக் கொண்டுவந்த துரைமாரின் பெயர்கள் உண்டு. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

பிறவுண் ட்றவுட் இங்கு வளர்ந்தது. ஆனால் ஓடைகளில் நிலையாக இனம் பெருக்கவில்லை. மீண்டும் மீண்டும் முட்டைகளை வரவழைக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் வந்த றெயின்போ ட்றவுட் என்ற இனமோ வேரூன்றிவிட்டது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் இம்மீனின் பூர்வீகம் பசுபிக் சமுத்திரத்தை அடுத்த வட அமெரிக்க ஆறுகள். ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுத்து, பேக்கர் நீர்வீழ்ச்சியாய் விழுந்து, வளவை கங்கையோடு சேரும் பெலிஹுல் ஓயாவில் அது தானாகவே பெருகியது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அச்சமவெளியின் குளிரும், கற்களிடையே துள்ளியோடும் தெளிந்த நீரும் அதற்குப் பொருந்தின. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். ட்றவுட் மீனால் அதைத் தாங்க முடியாது. ஆகவே சமவெளி ஆறுகளுக்கு அது இறங்கவில்லை. மலையுச்சியே அதன் எல்லையாயிற்று.

1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கும் நிலையம் இயங்கியது. அங்கு வளர்ந்த குஞ்சுகளை ஓடைகளில் விட்டார்கள். மீன் பிடிப்பதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. மண்புழுவைக் கோத்துப் பிடிப்பது இழிவு என்று கருதினார்கள். இறகும் நூலும் கொண்டு கொக்கியின்மேல் கட்டிய பொய்ப்பூச்சியே தூண்டிலுக்கு இரை. நீண்ட தடியை வீசி, ஒரு பூச்சி நீர்மேல் வந்து அமர்வதுபோல அதை மெல்ல இறக்க வேண்டும். மீன் ஏமாந்து கவ்வும் அந்த ஒரு கணத்துக்காக நாள் முழுதும் குளிர்நீரில் நிற்பார்கள். இதற்குப் பருவமும் பார்க்க வேண்டும். மழை கொட்டி ஓடை கலங்கிவிட்டால் மீனின் கண்ணுக்குப் பொய்ப்பூச்சி தெரியாது. நீர் தெளிந்து, பூச்சிகள் பறக்கும் நாட்களே தூண்டில்காரருக்கு உகந்தவை.

இப்பொய்ப்பூச்சிகள் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. அவற்றைக் கட்ட இங்கிலாந்தில் பெரிதும் விரும்பப்பட்ட இறகுகளில் ஒன்று, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகு. தமிழ்நாட்டு மலையில் கூவிய சேவலின் இறகு, கப்பலேறி இங்கிலாந்து சென்று, பூச்சியாக வேடம் பூண்டு, மறுபடியும் கீழைத்தேய ஓடையொன்றில் விழுந்திருக்கக்கூடும்.

இத்தகைய போக்குவரத்து மீனிலும் நடந்தது. நீலகிரியில் ட்றவுட் வளர்க்க 1860களிலேயே முயற்சிகள் தொடங்கின. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதில் ஈடுபட்டுத் தோல்வி கண்டார். பின்னர் எச்.சி. வில்சன் என்பார் அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிக்கும் நிலையத்தை அமைத்து வெற்றி கண்டார். அதற்காக அவர் றெயின்போ இன முட்டைகளைப் பெற்ற இடங்களுள் இலங்கையும் ஒன்று. தமிழகத்திலிருந்து மனிதர் இங்கு வந்தனர். இங்கிருந்து மீன் அங்கு சென்றது.

இங்கே ஒரு ஒப்பீட்டைத் தவிர்க்க என்னால் முடியவில்லை. மீன் முட்டைகள் பாசியிலும் பனிக்கட்டியிலும் பொதிந்து, கவனமாகப் பேணப்பட்டு வந்தன. கோப்பிக் காலத்துத் தொழிலாளரோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாய் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். ஓடையில் விடப்பட்ட மீன் சில தலைமுறைகளில் இம்மலையின் மீனாகிவிட்டது. மனிதருக்கு அந்த உரிமை எளிதில் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். பெலிஹுல் ஓயாவின் மீனிடம் எவரும் பத்திரம் கேட்டதில்லை.

எனினும் மீனின் குடியேற்றமும் விலையின்றி நடக்கவில்லை. ட்றவுட் ஊனுண்ணும் மீன். நீர்ப்பூச்சி, இறால், வாற்பேத்தை என அகப்படுவதையெல்லாம் உண்ணும். ஹோட்டன் சமவெளியின் குளிரோடையிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத சிறு இறாலினம் ஒன்று வாழ்கிறது. 1988இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அழகுக்கென விடப்பட்ட மீனை, அங்கேயே பிறந்த சிற்றுயிர்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டிய கடமை இன்று நமக்கு உண்டு. அன்று முட்டைகளை எண்ணியவர்கள், ஓடையில் ஏற்கனவே என்ன இருந்தது என்று எண்ணவில்லை.

வரலாறு என்பது மன்னர்களின் போர்களில் மட்டும் இல்லை. ஓர் ஓடையில் எந்த மீன் நீந்துகிறது, அதை யார் விட்டார்கள், யார் பிடித்தார்கள், யார் பெட்டி சுமந்தார்கள் என்று கேட்டாலே அது வெளிப்படும். மலையகத்தின் ஓடை ஒவ்வொன்றுக்கும் அருகே இக்கேள்விகளுக்கு விடை தெரிந்த முதியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பொறுப்பை இளைய நேயர்கள் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.