வேகத்தைக் கைவிட்ட பெருங்கப்பல்: மேர்ஸ்க் டிரிபிள்-இ வகையின் தோற்றமும் தொடர்ச்சியும்

2011 பிப்ரவரியில் டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் தென்கொரியாவின் டேவூ கப்பல் கட்டும் தளத்தில் 10 சரக்குப் பெட்டகக் கப்பல்களுக்கு ஆணை கொடுத்தது. கப்பல் ஒன்றின் விலை 19 கோடி டாலர். நீளம் ஏறத்தாழ 400 மீட்டர், அகலம் 59 மீட்டர். 20 அடிப் பெட்டகக் கணக்கில் 18,000-க்கும் மேல் ஏற்றலாம். அதே ஆண்டின் நடுவில் மேலும் 10 கப்பல்கள் கேட்கப்பட்டன. பேரளவுச் சிக்கனம், எரிபொருள் திறன், சுற்றுச்சூழல் மேம்பாடு என்னும் மூன்றின் ஆங்கில முதலெழுத்தைக் கொண்டு இவ்வகைக்கு 'டிரிபிள்-இ' எனப் பெயர் வைத்தார்கள். உலகம் பேசியது அதன் அளவைப் பற்றித்தான். ஆனால் கப்பல் வரலாற்றில் இவ்வகைக்குள்ள இடம் அளவால் வந்ததன்று, வேகத்தைத் துணிந்து கைவிட்டதால் வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெட்டகப் போக்குவரத்தின் முன்னோடியான அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரலில் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிய 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் இருந்தவை 58 பெட்டகங்கள். அதன்பின் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கப்பலின் அகலத்தைத் தீர்மானித்தது பனாமா கால்வாய். அதன் பழைய மதகுகளுக்குள் 32.3 மீட்டருக்கு மேல் அகலமான கப்பல் நுழைய முடியாது. 1988-இல் அமெரிக்கன் பிரசிடென்ட் லைன்ஸ் அந்த வரம்பை மீறிய கப்பல்களைக் கட்டியது. பனாமா வழியை அடியோடு விட்டுவிட்டு, பசிபிக் கடலில் மட்டுமே ஓட்டுவது என்ற முடிவு அது. 1996-இல் மேர்ஸ்கின் 'ரெஜினா மேர்ஸ்க்' 6,000 பெட்டகங்களைத் தொட்டது.

2006-இல் டென்மார்க்கின் ஒடென்ஸ் தளத்தில் உருவான 'எம்மா மேர்ஸ்க்' இந்த வரிசையின் உச்சம். 397 மீட்டர் நீளம். 14 உருளைகள் கொண்ட, ஏறத்தாழ 80 மெகாவாட் ஆற்றலுள்ள ஒற்றை எஞ்சின். மணிக்கு 25 கடல்மைல் வேகம். பெரிதாகவும் இருக்க வேண்டும், விரைவாகவும் ஓட வேண்டும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட கப்பல் அது. எரிபொருள் மலிவாக இருந்தவரை அந்த நம்பிக்கைக்கு இடமிருந்தது.

2008 அதைக் குலைத்தது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. சில மாதங்களில் நிதி நெருக்கடி வந்து, ஏற்றச் சரக்கில்லாமல் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அப்போது கைகொடுத்தது பழைய பொறியியல் விதி ஒன்று: கப்பலுக்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஆற்றல் தேவை பாதியாகிவிடும். எனவே நிறுவனங்கள் கப்பல்களை மெதுவாக ஓட்டின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே வாரந்தோறும் ஒரு கப்பல் புறப்பட வேண்டுமானால் இப்போது கூடுதல் கப்பல்கள் தேவைப்பட்டன. சும்மா நின்ற கப்பல்களுக்கும் அதனால் வேலை கிடைத்தது. நெருக்கடிக்கான இந்தத் தற்காலிக உத்தியை நிரந்தர வடிவமைப்பாக மாற்றியதுதான் டிரிபிள்-இ.

வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். எம்மாவின் அடிப்பகுதி விரைந்து நீரைக் கிழிப்பதற்காக ஒடுங்கியது. டிரிபிள்-இ-யின் அடிப்பகுதி அகன்று தட்டையானது. விரைவுக்கு உதவாது, ஆனால் உள்ளே இடம் மிகுதி. எம்மாவைவிட நீளத்தில் ஓரிரு மீட்டரும் அகலத்தில் மூன்று மீட்டருமே கூடுதல். அப்படியிருந்தும் கொள்ளளவில் ஏறத்தாழ 2,500 பெட்டகங்கள் கூடின. கப்பலை இயக்கும் மேடையை முன்னுக்கும், எஞ்சினையும் புகைபோக்கியையும் பின்னுக்கும் தள்ளியதும் இதற்கு உதவியது. ஒற்றைப் பெரும் எஞ்சினுக்குப் பதில், தலைக்கு ஏறத்தாழ 30 மெகாவாட் ஆற்றலில் நிதானமாகச் சுழலும் இரண்டு எஞ்சின்கள், இரண்டு சுழலிகள். அதாவது முந்தையதைவிடப் பெரிய கப்பலுக்கு முந்தையதைவிடக் குறைந்த ஆற்றல். முதல் கப்பல் 2013 ஜூலையில் கடலுக்கு வந்தது. முந்தைய ஆண்டு 98 வயதில் மறைந்த, நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய மேர்ஸ்க் மெக்கின்னி மோலரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

போட்டியாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது அளவைத்தான். 2017-இல் 'ஓஓசிஎல் ஹாங்காங்' 21,000-ஐக் கடந்தது. 2019-இல் 'எம்எஸ்சி குல்சுன்' 23,000-ஐத் தாண்டி 61 மீட்டர் அகலமானது. ஓஇசிடி அமைப்பின் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. புதிய பெருங்கப்பல்களால் கிடைத்த சேமிப்பில் பாதிக்கு மேல், குறைந்த வேகத்துக்கென வடிவமைத்ததால் வந்தது என்றும், அளவு கூடக்கூட மிச்சமாகும் தொகை சுருங்குகிறது என்றும் அது கண்டது. கப்பல் நிறுவனத்துக்குக் கிடைக்கும் இந்தச் சேமிப்புக்காக ஆழப்படுத்தும் கால்வாய், நீண்ட கை கொண்ட கிரேன், வலுவூட்டிய தளமேடை எல்லாவற்றுக்கும் செலவழிப்பது துறைமுகம். பல இடங்களில் அது பொதுப் பணம். 2021 மார்ச்சில் சூயஸில் 'எவர் கிவன்' ஆறு நாள் சிக்கியபோது, பெருங்கப்பலின் இடரும் நிறுவனத்தோடு நிற்பதில்லை என்பதை உலக வணிகம் நேரில் கண்டது.

முன்னோடியே இப்போது பின்வாங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. 20,000 பெட்டகங்களைத் தாண்டிய டிரிபிள்-இ இரண்டாம் தலைமுறைக்குப் பின் மேர்ஸ்க் அதைவிடப் பெரிதாகக் கட்டவில்லை. 2024-இல் அது பெற்ற, மெத்தனாலிலும் ஓடக்கூடிய 'ஆனே மேர்ஸ்க்' 350 மீட்டர் நீளமும் 16,000-க்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவும் கொண்டது.

பெருங்கப்பலுக்காக யார் செலவழிப்பது என்ற கேள்வி நம் கரைக்கும் வந்துவிட்டது. 24,346 பெட்டகங்கள் கொள்ளும் 'எம்எஸ்சி ஐரினா' 2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே கரையோரமே கடல் இயற்கையாக ஆழமானது. தூத்துக்குடியின் சரக்கில் ஒரு பகுதி இன்றும் சிறு கப்பல்களில் கொழும்பு சென்று அங்கே பெருங்கப்பலுக்கு மாறுகிறது. தூத்துக்குடி வெளித்துறைமுகப் பெட்டக முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. எந்த அளவுக் கப்பலுக்காக எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறோம், அந்த ஆழத்தைக் காக்க ஆண்டுதோறும் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற கணக்கைத் திட்டமிடுவோர் இப்போதே மக்கள் முன் வைக்க வேண்டும்.