தங்கவயலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பு: ராபர்ட்சன்பேட்டை எல்லையும் எடுப்புக் கழிப்பறையும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சுரங்கம் எவ்வளவு ஆழம் சென்றது, எவ்வளவு பொன் கிடைத்தது என்பன துல்லியமாகப் பதிவு பெற்றுள்ளன. அங்கு வாழ்ந்த மக்களின் உடல்நலத்திற்கு எவ்வரசு அல்லது எந்நிறுவனம் விடையிறுக்கக் கடமைப்பட்டிருந்தது என்னும் வினா அத்துணைத் தெளிவாக எழுப்பப்படவில்லை. அதற்கான விடையை ராபர்ட்சன்பேட்டையின் தோற்றத்திலிருந்தே தேட வேண்டியுள்ளது.

1880இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் சுரங்க மேலாண்மையை ஏற்றபின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் பெருந்தொகையினராக இங்குக் குடியேறினர். அவருள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மூங்கில் தட்டிகளால் அமைந்த குடிசைகள் நெருங்கிய 'லைன்'களே அவர்தம் உறைவிடம். 1898இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது மக்கள் நெருக்கம் என்பதே ஓர் அச்சமாக மாறியிருந்தது. இந்நிலையில், தங்கவயலின் நெருக்கடியைக் குறைக்கும் பொருட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசு சுரங்க நிலத்திற்கு வெளியே திட்டமிட்ட நகரொன்றை அமைத்தது. 1896 முதல் 1903 வரை மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரால் அது ராபர்ட்சன்பேட்டை ஆயிற்று. நேர்க்கோட்டுத் தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாக அது வகுக்கப்பட்டது.

நகரம் தோன்றியதோடு ஓர் எல்லையும் தோன்றிற்று. கடைத்தெருவும் பேட்டையும் அரசின் கண்காணிப்பில், 'சானிட்டரி போர்டு' என வழங்கிய சுகாதார வாரியத்தின் பொறுப்பில் அமைந்தன. சுரங்க நிலமும் அதன் லைன்களும் நிறுவனத்தின் ஆட்சிக்குள் நின்றன. ஒரே தொழிலாளி லைனில் உறங்கிப் பேட்டையில் பண்டம் வாங்கினான். ஆயின் அவன் உடல்நலத்தின் பொறுப்பு அவ்வெல்லையில் இரண்டாகப் பிரிந்தது. இப்பிரிவினையே பின்னாளைய குறைகள் பலவற்றுக்கு வேர் எனலாம்.

நிருவாகத் திறன் இல்லாமையால் விளைந்த குறை இதுவன்று. 1902இல் சிவனசமுத்திரத்தில் பிறந்த மின்னாற்றல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழி வந்து தங்கவயலின் பொறிகளை இயக்கிற்று. உலகிலேயே மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளுள் ஒன்றாக அக்காலத்தில் அது கருதப்பட்டது. பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீரும் கொணரப்பட்டது. அரசும் நிறுவனமும் விரும்பியவிடத்து எல்லை தடையாக நின்றதில்லை.

நுரையீரல் நோயின் வரலாறு இதனை வேறொரு வகையில் காட்டுகிறது. படிகக்கல் கலந்த பாறையைத் துளையிட்டு வெடிக்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாக இறுகும். இதனையே சிலிகோசிஸ் என்பர். மருந்தால் இது தீராது. காசநோய்க்கும் எளிதில் இடந்தரும். சுரங்கம் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே, 1940இல், மைசூர் அரசு இந்நோய்க்கு இழப்பீடு வழங்கும் விதிகளை வகுத்தது. அப்பதின்மத்தில் காப்லான், பர்டன் ஆகிய மருத்துவர்கள் 7,000க்கும் மேற்பட்ட தொழிலாளரை ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட அறிக்கை, 100க்கு 40 பேருக்கு மேல் இந்நோயின் அறிகுறி இருந்ததைப் புலப்படுத்தியது. இந்தியத் தொழில்சார் நோய்களின் வரலாற்றில் அவ்வறிக்கை முதன்மையானது. நோய் அதற்கு முன்பும் இருந்தது. எண்ணிப் பார்க்கும் கடமை எவர்மீதும் சுமத்தப்படாமையால் அஃது எண்ணப்படாதிருந்தது என்பதே பொருத்தம்.

1956 இறுதியில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் நிதி அமைச்சகத்திற்கு மாறின. 1972 ஏப்ரல் 1 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அவற்றை நடத்தியது. அந்நியக் கும்பினி என்னும் சாக்கு இதனோடு ஒழிந்தது. ஆனால் பழைய எல்லை ஒழியவில்லை. அரசியலமைப்பின் மொழியில் அது புத்துயிர் பெற்றது. சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு ஒன்றியப் பட்டியலில் 55ஆம் இனம். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் 6ஆம் இனம். நடுவணரசு நிறுவனத்தின் குடியிருப்பிலுள்ள கழிப்பறை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது?

இவ்வினா வெறும் சட்ட நுணுக்கம் அன்று. லைன்களில் இருந்த பொதுக் கழிப்பறைகளுள் பல எடுப்புக் கழிப்பறைகள். நீரின்றி, கீழே விழும் மலத்தை மனிதர் வாளியிலும் கூடையிலும் அள்ளி அகற்றும் வகை அது. இப்பணிக்கு ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே தலைமுறை தலைமுறையாக அமர்த்தப்பட்டனர். இவர்களுள் தெலுங்கு பேசும் குடும்பங்களும் இருந்தன. தங்கவயல் எழுத்தறிவும் அமைப்பு உணர்வும் வாய்ந்த ஊர். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இங்கிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். எனினும் இவ்வூர் பற்றிய எழுத்துகளில் சுரங்கத் தொழிலாளி நாயகனாகத் திகழ, மலம் அள்ளியவர் நிழலாகவே நிற்கின்றார்.

1970களின் தொடக்கத்தில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் பி. பசவலிங்கப்பா தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தைக் கர்நாடகத்தில் தடைசெய்தார். இந்தியாவிலேயே முன்னோடியான நடவடிக்கை அது. ஆயின் நடுவணரசு நிறுவனத்தின் குடியிருப்பில் எடுப்புக் கழிப்பறை அதன்பின்னும் இருபது ஆண்டுகள் நீடித்தது. 1902இல் மின்னாற்றலைக் கொணர்ந்த ஊரில், 90 ஆண்டுகள் கழிந்தும் கழிப்பறைக்கு நீர் வரவில்லை.

இதனை வெளிப்படுத்தியவர் பெசவாடா வில்சன். 1966இல் தங்கவயலில் பிறந்த அவருடைய தந்தையும் தமையனும் இப்பணியே செய்தவர்கள். நிறுவனத்திற்கும் மாநில அரசுக்கும் நடுவண் அரசுக்கும் அவர் மடல் எழுதினார். பயன் இல்லை. நிழற்படங்கள் எடுக்கப்பட்டுச் செய்தி வெளியுலகிற்குத் தெரியவந்த பின்னரே எடுப்புக் கழிப்பறைகளை நீர்க் கழிப்பறைகளாக மாற்றவும் பணியாளரை வேறு வேலைகளில் அமர்த்தவும் நிருவாகம் முன்வந்தது. பொறுப்பேற்றல் என்பது இங்குச் சட்டத்தால் அன்றி வெட்கத்தால் நிகழ்ந்தது.

மலம் அள்ளும் பணியமர்த்தலைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பொருள் ஆதலின், அரசியலமைப்பின் 252ஆம் உறுப்பின்படி ஆறு மாநிலங்களின் தீர்மானத்தைப் பெற்றே அச்சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறனுள் கர்நாடகமும் ஒன்று என்பது நோக்கத்தக்கது. சட்டத்தைக் கோரிய மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே, நடுவணரசின் உடைமையில், சட்டம் தடுத்த செயல் நடந்துகொண்டிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1997 ஜனவரி 26ஆம் நாளில்தான்.

வில்சன் முதலியோர் தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மாநிலங்கள் மட்டுமன்றி இரயில்வே போன்ற நடுவணரசுத் துறைகளும் அவ்வழக்கில் சுட்டப்பெற்றன. எடுப்புக் கழிப்பறையே தங்களிடம் இல்லை எனப் பல மாநிலங்கள் உறுதியுரை அளித்தன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போ மனிதர் மலம் அகற்றும் கழிப்பறைகள் 7,94,390 எனக் கண்டது. 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27ஆம் நாள் தீர்ப்பும் வந்தது. 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு அத்தீர்ப்பு பணித்தது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அத்தொகை 30 லட்சமாயிற்று.

இதற்கிடையே 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. கூலி இழப்பே அப்போது மிகுதியும் பேசப்பட்டது. அதனோடு மற்றொன்றும் மறைந்தது. சாம்பியன் ரீஃபிலிருந்த சுரங்க மருத்துவமனை தொழிலாளர் குடும்பங்களுக்குத் தலைமுறைகளாகச் சேவை புரிந்தது. பாறைத்தூசு நோயை அறிந்த மருத்துவர்கள் பணியாற்றிய இடம் அது. நிறுவனம் நின்றதும் அச்சேவையும் நின்றது. ராபர்ட்சன்பேட்டை அரசு பொது மருத்துவமனையும் பெங்களூர் மருத்துவமனைகளுமே மக்களுக்கு எஞ்சின. சிலிகோசிஸ் தூசு உட்கொண்டு பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும் நோய். இழப்பீட்டு விதிகளோ வேலையளிப்பவர் ஒருவர் இருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டவை. சுரங்கம் மூடியபின் நோய் வெளிப்பட்ட தொழிலாளி எக்கதவைத் தட்டுவது என்பதற்கு அவ்விதிகளில் வழியில்லை.

பொன் பிரித்தபின் கொட்டிய மணல் ஊரைச் சூழ்ந்து 'சயனைடு மேடுகள்' என வழங்குகிறது. அதன் அளவு 3 கோடி டன்னுக்கும் மிகுதி. மக்கள் அஞ்சுவது சயனைடை. அது வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிதையாதது அம்மணலின் நுண்ணிய சிலிகாத் தூசு. காற்று மிக்க மாதங்களில் அது வீடுகளுக்குள்ளும் படிகிறது. சுரங்கத்துள் இறங்கியறியாத பெண்டிரும் சிறாரும் அதனைச் சுவாசிக்கின்றனர். அவர்களைக் குறித்து 1940ஆம் ஆண்டு விதிகள் எண்ணியதே இல்லை.

2024 ஜூனில், 1,003.4 ஏக்கரில் பரவியுள்ள 13 மேடுகளில் மீண்டும் பொன் பிரித்தெடுக்கும் நடுவண் அரசின் முன்மொழிவுக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளைக் கிளறுமிடத்துத் தொழிலாளர் பாதுகாப்பு நடுவண் அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தைச் சார்ந்தது. அங்கிருந்து எழுந்து ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் படியும் தூசு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் நகராட்சியையும் சார்ந்தது.