சடக்கும் கம்பிச்சடக்கும்: காம்பார் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பின் தோற்றம்

முன்னுரை

பேராக் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பால்மரக் காட்டிலிருந்தே தொடங்குகின்றனர். கப்பல், கங்காணி, லயம், தோட்டம் என்ற வரிசை நம் ஆய்வுகளில் நிலைத்துவிட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் தென்பகுதியான காம்பார் வட்டாரத்துக்கு இவ்வரிசை முழுதாகப் பொருந்தவில்லை. அங்கே மாட்டுவண்டிச் சடக்கும், கம்பிச்சடக்கு எனப்பட்ட ரயில் பாதையும் ரப்பருக்கு முன்பே வந்துவிட்டன. எனவே இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. ஒன்று, இவ்வட்டாரத் தமிழ்க் குடியிருப்பின் முதல் அடுக்கு தோட்டத்தில் அன்றி, பாதையில் உருவானது. மற்றொன்று, வேலையோடு பிணைந்த வீடு என்னும் ஏற்பாடுதான் அக்குடியிருப்பின் ஆயுளைத் தீர்மானித்தது.

ஈயமும் பாதையும்

1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் பிரிட்டிஷ் செல்வாக்கு வேரூன்றியது. அப்போது கிந்தாவின் ஈயம் யானை முதுகிலும் படகிலும்தான் கடலை நோக்கிப் போனது. 1880களின் பிற்பாதியில் மம்பாங் டி அவான் என்ற இடத்தை ஒட்டி ஈயத்தால் எழுந்த ஊர் காம்பார். யானையும் படகும் கொண்டுபோகும் அளவை ஈயத்தின் அளவு மிஞ்சியபோது, சடக்குப் போடுவது அரசின் முதல் கவலையாயிற்று. சடக்கு வந்ததும் மாட்டுவண்டிகள் வந்தன. ஈயமும் அரிசியும் விறகும் அவற்றில் ஏறின.

பேராக்கின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட முன்னோடிப் படைப்பிரிவினர் அதில் உழைத்தனர். இரண்டாவது பாதையே காம்பாரின் தலையெழுத்தை மாற்றியது. 1893இல் தெலுக் ஆன்சனிலிருந்து, அதாவது இன்றைய தெலுக் இந்தானிலிருந்து, தாப்பா ரோடு வரை ஓடிய ரயில் காம்பாரைக் கடந்து 1895இல் ஈப்போவை எட்டியது. மலாயாவில் ரப்பர் பெருக்கம் 1905க்குப் பிறகே வேகம் பிடித்தது. தண்டவாளத்துக்கும் பால்மரத்துக்கும் இடையிலான இப்பத்தாண்டு இடைவெளியே என் வாதத்தின் அடித்தளம்.

தாப்பா ரோடு என்ற ஊரே இதற்கு ஒரு சான்று. தாப்பா சடக்கின் மேல் அமைந்த ஊர். ரயில் அதைத் தொடாமல் மேற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் போனதால், நிலையத்தைச் சுற்றி வேறொரு குடியிருப்பு முளைத்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. மரிகோபா வெல்ஸ் 1858இல் பட்டர்ஃபீல்டு அஞ்சல் குதிரைவண்டிகள் நின்று செல்லும் இடம். 1879இல் சதர்ன் பசிபிக் ரயில் சற்றுத் தள்ளிப் போனது. ஊரும் அதன் பின்னே போனது. 1887இல் ஃபீனிக்ஸுக்குக் கிளைப்பாதை பிரிந்தபோது ஊர் மறுபடியும் பெயர்ந்து சந்திப்புக்கு வந்தது. பாதையால் பிறந்த ஊர் பாதை போன பக்கமே போகும். ஊர் பெயரும்போது யார் கையில் மனை இருந்தது என்பதே வரலாற்றாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி.

வேலையும் வீடும்

ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் உடலுழைப்புப் பணிகளில் தென்னிந்தியரே மிகுதி. எழுத்து வேலையிலும் நிலைய அதிகாரிப் பதவியிலும் யாழ்ப்பாணத் தமிழர் கணிசமாக இருந்தனர். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தார் ஒரே நிலைய வளாகத்தில் வெவ்வேறு படிகளில் வாழ்ந்தனர்.

தண்டவாளத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் மண்டோர் என்ற ஒரு மேற்பார்வையாளர். அக்குழுவின் பொறுப்பில் சில மைல் பாதை. உளுத்த சிலிப்பர் கட்டையைப் பெயர்த்துப் புதியதைச் செருகுவது, அதன் அடியில் சல்லியைக் கெட்டித்து இறுக்குவது, கம்பியின் மட்டம் பார்ப்பது, ஓரத்துப் புல்லை வெட்டுவது, மழையில் கரை அரித்த இடத்தில் மண் கொட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. இது ஆண்டு முழுதும் ஓயாத வேலை. ஆகவே தொழிலாளி பாதையோரத்திலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. இலாகா லயம் கட்டிக் கொடுத்தது. லயத்தார் பக்கத்திலேயே முனீஸ்வரருக்கோ மாரியம்மனுக்கோ சிறு கோயில் எழுப்பினர். ஆனால் லயம் இலாகாவுக்குச் சொந்தம். கோயில் நின்ற இடமும் பெரும்பாலும் அப்படியே.

இதே காலத்தில் காம்பார் கடைத்தெருவில் சீன வணிகர்கள் மனை வாங்கிக் கடைவீடு கட்டினர். ஐந்தடி நடைபாதை கொண்ட அவ்வீடுகள் இன்றும் நிற்கின்றன. செட்டியார்கள் கடன் கொடுத்தனர். அடைமானத்தின் வழியே சொத்தும் சேர்த்தனர். பாதை போட்டவர்களுக்குக் கூலி கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை.

மனிதர் ஆக்கிய மணல்வெளி

காம்பாரைப் பாலைவனத்து ஊரோடு ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். மழைக்குக் குறைவில்லாத மண் இது. எனினும் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், தன் வழியில் ஒரு பாலையை உண்டாக்கியது. வலுவான நீர்ப்பீச்சால் மண்சுவரை இடித்து, குழம்பைக் குழாய் வழியே பாலோங் என்ற உயரமான மரச் சரிவு வாய்க்காலின் மேல் ஏற்றுவார்கள். கனமான ஈய மணல் குறுக்குத் தடுப்புகளில் தங்கும். மற்ற மணலும் சேறும் கீழே வழிந்தோடும். மேல்மண் போன இடத்தில் வெண்மணலும் லம்பக் குட்டைகளுமே மிஞ்சின.

1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த காம்பார் போரில் பிரிட்டிஷ் படை இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு இவ்வெளியும் ஒரு காரணம். கிழக்கே பூஜாங் மலாக்கா மலை, மேற்கே மறைவில்லாத ஈய நிலம், நடுவே சடக்கு. ஊரை உண்டாக்கிய அதே பாதைவழியே ஜப்பானியப் படை வந்தது. அடுத்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

எதிர்வாதமும் முடிவும்

தலைக்கணக்கில் தோட்டத் தமிழரே மிகுதி; ஆகவே தோட்டத்தை மையமாக வைப்பதே முறை என்று மறுக்கலாம். எண்ணிக்கை குறித்து எனக்கு மாறுபாடில்லை. ஆனால் முதலில் எது வந்தது என்பதை எண்ணிக்கை சொல்லாது. தோட்டத்துக்கு ஆளையும் அரிசியையும் கொண்டுவந்ததும், ரப்பரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனதும் ஏற்கெனவே போட்டிருந்த அப்பாதைதான்.

1985இல் ஈய விலை வீழ்ந்தது. தாப்பா ரோடு–தெலுக் இந்தான் கிளைப்பாதை பின்னாளில் மூடப்பட்டது. 1992இல் ரயில்வே நிறுவனமாக மாற்றப்பட்டது. 2010இல் ஈப்போவிலிருந்து மின்ரயில் ஓடத் தொடங்கியது. பழைய ஈய நிலத்தில் 2007இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. 2009இல் காம்பார் தனி மாவட்டமாயிற்று. ஊர் பிழைத்துக்கொண்டது. மனை வைத்திருந்தவர்கள் அதன் புது வாழ்வில் பங்கு பெற்றனர். வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் வேறிடம் தேடினர்.

காம்பார்த் தமிழர் வரலாற்றைத் தோட்டப் பதிவேடுகளை மட்டும் வைத்து எழுத முடியாது. ரயில்வே, பொதுப்பணித் துறை ஆண்டறிக்கைகளும், ஊழியர் குடியிருப்புப் பதிவுகளும், பாதையோரக் கோயில்களின் நில ஆவணங்களும் ஒருசேர ஆராயப்பட வேண்டும். தண்டவாளத்தில் வேலை பார்த்த கடைசித் தலைமுறையினர் இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்வதை நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் உடனடிப் பணியாக ஏற்க வேண்டும்.