தோமாவின் ஐயமும் ரைமாருஸின் மௌனமும்

உயிர்த்தெழுந்த திருநாளில் நம் ஆலயங்களில் எழும் வாழ்த்தொலியில் ஐயத்தின் குரல் கேட்பதில்லை. அது வெற்றியின் நாள், அவ்வாறிருப்பதே தகும். ஆயினும் நற்செய்தி நூல்கள் நான்கினையும் கருத்தூன்றிப் படிப்போர், உயிர்த்தெழுதலின் முதற்செய்தி ஐயத்தோடு கலந்தே வந்தது என்பதைக் காண்பர். கல்லறையினின்று திரும்பிய பெண்களின் சொல் அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றிற்று என்கிறார் லூக்கா. கலிலேயாவின் மலைமீது ஆண்டவரைக் கண்டு பணிந்தவர்களுள்ளும் சிலர் ஐயுற்றனர் என்று மத்தேயு தம் நூலின் இறுதிப் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமாவை யோவான் நம் கண்முன் நிறுத்துகிறார்.

இவற்றை மறைத்திருப்பின் நற்செய்தியாளரின் வேலை எளிதாயிருந்திருக்கும். அவர்கள் மறைக்கவில்லை. ஐயம் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த பகைவனன்று. முதல் நாள் தொட்டு அதன் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எனவே ஐயம் உண்டா, இல்லையா என்பதன்று நாம் எழுப்பவேண்டிய வினா. அது சபையின் நடுவே வாய்விட்டு உரைக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது? அச்சத்தால் உள்ளத்தில் புதைக்கப்பட்டபோது என்ன நேர்ந்தது? இவ்விரண்டையும் விளக்க முதல் நூற்றாண்டுக் கொரிந்துவையும், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியையும் நோக்குவோம்.

1. கொரிந்துச் சபையில் எழுந்த வினா

கி.பி. 50-களின் நடுவில், நற்செய்தி நூல்கள் எவையும் எழுதப்படுமுன்னரே, எபேசுவிலிருந்து கொரிந்துச் சபைக்குப் பவுல் ஒரு நிருபம் வரைந்தார். மரித்தோருக்கு உயிர்த்தெழுதல் இல்லை என்று அச்சபையிற் சிலர் கூறிவந்தனர். அவர்கள் அத்தேனேயில் பவுலை நகைத்த அறிஞர்களைப் போன்ற அயலார் அல்லர். திருமுழுக்குப் பெற்றுத் திருவிருந்தில் பங்குகொண்ட சபையார். உடல் அழியும், ஆன்மா விடுதலை பெறும் என்னும் கிரேக்கச் சிந்தனையில் வளர்ந்தோர்க்கு, மாண்ட உடல் மீண்டும் எழும் என்பது பொருந்தாக் கூற்றாகவே தோன்றியிருக்கும்.

இதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஒழுக்கம் தவறிய ஒருவனைச் சபையினின்று விலக்கும்படி பவுல் கண்டிப்பாகக் கட்டளையிடுகிறார். ஆனால் பதினைந்தாம் அதிகாரத்தில் ஐயுற்றோரை விலக்கும்படி அவர் கூறவில்லை. கடிந்து பேசுகிறார், எனினும் அவர்களோடு வாதாடுகிறார். தாம் பெற்றுக்கொண்ட மரபை முதலில் எடுத்துரைக்கிறார். கேபா, பன்னிருவர், ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு எனச் சாட்சிகளை நிரல்பட வைக்கிறார். அவருட் பலர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்று சொல்லி, விசாரிக்க விரும்புவோர்க்கு வழியைத் திறந்துவிடுகிறார். அதற்கு மேலும் ஒரு படி சென்று, கிறிஸ்து எழுந்திராவிட்டால் தம் பிரசங்கமும் வீண், அவர்தம் விசுவாசமும் வீண், தாமும் பொய்ச்சாட்சியே என்று தம்மையே துலாக்கோலில் நிறுத்துகிறார்.

கொரிந்தியர் அனைவரும் மனம் மாறினர் என்று திருமறை கூறவில்லை. ஆனால் அவர்களுடைய ஐயத்தினின்று திருச்சபைக்குக் கிடைத்த செல்வம் பெரிது. விதைக்கப்படும் மணி, முளைத்தெழும் பயிர் என்னும் உவமையும், அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கையும் அச்சிலர் வினாவியதால் வந்தவை. நம் குருமார் கல்லறை அருகே நின்று வாசிக்கும் அந்த அதிகாரம் ஐயுற்றோருக்கு எழுதப்பட்ட மறுமொழியே.

2. ஹாம்பர்க் நகரில் ஒரு மௌனம்

பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின், வேறொரு சூழலில், இதே வினா மீண்டும் எழுந்தது. ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ் 1694-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். 1728 முதல் 1768-இல் தாம் இறக்கும்வரை அந்நகரின் உயர்கல்விக் கூடத்தில் கீழ்த்திசை மொழிகளின் பேராசிரியராக விளங்கினார். 1754-இல் இயற்கைச் சமயத்தின் முதன்மையான உண்மைகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், நாத்திகத்தை மறுத்துக் கடவுள் நம்பிக்கையை நிலைநாட்டியதால் பலராலும் போற்றப்பட்டது. ஊரார் கண்ணுக்கு அவர் லுத்தரன் திருச்சபையின் மதிப்பிற்குரிய அங்கத்தினர்.

ஆனால் அவருடைய அறையில் வேறொரு நூல் வளர்ந்துகொண்டிருந்தது. கடவுளை அறிவுநெறிப்படி வழிபடுவோர் சார்பான மறுப்புரை என்னும் கருத்துடைய தலைப்பினை அதற்கு அவர் இட்டிருந்தார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதனை எழுதியும் திருத்தியும் வந்தார். இயேசுவின் உயிர்த்தெழுதலை அதில் அவர் மறுத்தார். சீடர்கள் உடலைக் கவர்ந்து சென்று, சில வாரங்கள் கழிந்தபின் அவர் எழுந்தார் என்று அறிவித்தனர் என்பதே அவர் முடிவு. காலம் தெளிவடையும்வரை அதனை அச்சிடலாகாது என்று கருதி, நெருங்கிய சிலரன்றி எவரும் அறியாவண்ணம் வைத்திருந்தார்.

இம்மௌனத்தைக் கோழைமை என்று எளிதில் இகழலாகாது. ஹாலே பல்கலைக்கழகத்து மெய்யியலாளர் கிறிஸ்டியன் வோல்ஃப், 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும், தவறினால் தூக்கு என்னும் அரச ஆணையால் 1723-இல் துரத்தப்பட்டார். யோகான் லோரென்ஸ் ஷ்மித் 1735-இல் வெளியிட்ட திருமறை மொழிபெயர்ப்பு 1737-இல் பேரரசின் ஆணையால் தடைசெய்யப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். தம் பதவி, குடும்பம், நற்பெயர் ஆகியவற்றை எண்ணிய ஒருவர் வாய் திறவாதிருந்ததில் வியப்பில்லை. தோமாவுக்குத் தன் ஐயத்தைச் சொல்லப் பத்து நண்பர்கள் இருந்த ஓர் அறை இருந்தது. ரைமாருஸுக்குத் திருச்சபை அத்தகைய அறையாக இல்லை. பேச இடமற்ற ஐயம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசப்பாக மாறிற்று. வினாவாகத் தொடங்கியது குற்றச்சாட்டாக முடிந்தது.

3. வெளிவந்த துணுக்குகள்

ரைமாருஸ் இறந்தபின், அவர் மகள் எலீஸிடமிருந்து அக்கையெழுத்துப் படியின் பகுதிகள், 1770-இல் வோல்ஃபன்பியூட்டல் நகர நூலகராகப் பொறுப்பேற்ற எழுத்தாளர் லெஸ்ஸிங் கைக்கு வந்தன. ஆசிரியர் பெயரை மறைத்து, நூலகத்தில் கண்டெடுத்தவை எனக் கூறி, 1774 முதல் 1778 வரை அவர் அவற்றைத் துணுக்குகளாக வெளியிட்டார். உயிர்த்தெழுதல் வரலாற்றைப் பற்றிய துணுக்கு 1777-இல் வந்தது. நற்செய்தி நூல்கள் தம்முள் முரண்படும் இடங்கள் பத்தினை அது சுட்டியது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர்? அங்கு நின்ற தூதர் ஒருவரா, இருவரா? ஆண்டவர் சீடருக்குத் தோன்றியது கலிலேயாவிலா, எருசலேமிலா? காவற்சேவகரைப் பற்றி மத்தேயு ஒருவரே கூறுவது ஏன்?

இவ்வினாக்கள் இன்றைய இறையியல் மாணவர்க்குப் புதியனவல்ல. அன்றைய சபையார்க்கோ இடி விழுந்ததுபோல் இருந்தன. வோல்ஃபன்பியூட்டலின் கண்காணிப்பாளர் ரெஸ் என்பார், முரண்பாடு எதுவுமே இல்லை என்று ஒவ்வொன்றையும் இணைத்துக் காட்ட முயன்றார். ஹாம்பர்க்கின் புனித கத்தரீனாள் ஆலயத் தலைமைக் குரு கெட்ஸெ, இத்தகைய எழுத்தை எளிய மக்கள் கையில் தருதல் தகாது என்று கடுமையாகத் தாக்கினார். மந்தையைக் காக்கும் மேய்ப்பனின் கவலை அதில் இல்லாமலில்லை. ஆயினும் விவாதத்தை முடித்து வைத்தது விளக்கமன்று, ஆணை. 1778 ஜூலையில், லெஸ்ஸிங் தணிக்கையின்றி வெளியிடப் பெற்றிருந்த உரிமையைப் பிரவுன்ஷ்வைக் கோமகனின் அரசு பறித்துக்கொண்டது.

4. லெஸ்ஸிங் காட்டிய வேறுபாடு

இப்போரில் லெஸ்ஸிங் எடுத்த நிலை நுட்பமானது. கதைகள் முரண்படுகின்றன, ஆகவே உயிர்த்தெழுதல் பொய் என்றார் ரைமாருஸ். கதைகள் முரண்படவில்லை, ஆகவே உயிர்த்தெழுதல் மெய் என்றனர் மறுப்பாளர். இருசாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர் என்பதை லெஸ்ஸிங் கண்டார். கதைகள் முரண்படலாம், எனினும் நிகழ்ச்சி மெய்யாயிருக்கலாம். உரோம வரலாற்றாசிரியர்கள் ஒரு போரைப் பலவாறு எழுதினர் என்பதால், அப்போரே நிகழவில்லை என்று எவரும் கூறுவதில்லை. இதனை விளக்கி ரெஸ்ஸுக்கு அவர் எழுதிய மறுமொழி 1778-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. 1777 கிறிஸ்து பிறப்புத் திருநாளில் பிறந்த அவருடைய ஒரே மகன் ஒரு நாளே வாழ்ந்து மறைந்ததும், 1778 ஜனவரி 10-இல் அவர் மனைவி ஏவா இறந்ததும் அந்நாட்களில்தான். சாவு குடிகொண்ட இல்லத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றிய விவாதம் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் லெஸ்ஸிங்கிடம் மற்றொரு வினாவும் இருந்தது. என்றோ நிகழ்ந்த ஒன்றை நல்ல சாட்சிகள் கூறினும், அதன்மேல் என் நித்தியத்தை எவ்வாறு கட்டுவேன்? வரலாற்றுக்கும் விசுவாசத்துக்கும் இடையே தம்மால் தாண்டவியலாத அகன்றதோர் பள்ளம் உண்டு என்று 1777-இல் அவர் எழுதினார். இது ரைமாருஸின் வினாவினும் ஆழமானது. முரண்பாடுகள் பத்தினையும் தீர்த்துவைத்தாலும் இது தீராது. உயிர்த்தெழுந்தவரைப் பற்றிய செய்தி மட்டும் போதாது. அவரே இன்று நம்மைச் சந்திக்கவேண்டும். தோமாவின் ஐயமும் சாட்சிகளின் எண்ணிக்கையால் தீரவில்லையே. பதின்மர் சொல்லியும் நம்பாதவர், ஆண்டவர் வந்து நின்றபோதே அறிக்கையிட்டார்.

5. ஹாலே மாணவரும் பின்வந்தோரும்

துணுக்குகளுக்கு முறையான மறுமொழி 1779-இல் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸெம்லரிடமிருந்து வந்தது. தரங்கம்பாடிக்கு ஊழியரை அனுப்பிய மிஷன் பணியால் நம் முன்னோர்க்கு அறிமுகமான நகரம் ஹாலே. ஊழியத்துக்குத் தம்மை ஒப்புவித்திருந்த சிந்தனைமிக்க இளைஞர் பலர் இத்துணுக்குகளால் கலங்கினர் என்றும், சிலர் வேறு தொழிலை நாடினர் என்றும் ஸெம்லர் தம் முன்னுரையில் வருந்துகிறார். இறையியற் கல்லூரியில் வாழும் நாம் இச்செய்தியை எளிதாகக் கடந்து செல்லல் இயலாது. அவ்விளைஞரைக் கலக்கியது ஐயம் மட்டுமன்று. இதுகாறும் தமக்கு யாரும் இதனைச் சொல்லவில்லையே என்னும் ஏமாற்றமும் ஆகும் என்று நாம் கருதுகிறோம்.

பின்வந்த வரலாறு ஒரு வியப்பைக் காட்டுகிறது. 1835-இல் இயேசுவின் வரலாற்றை எழுதி, அதனால் டியூபிங்கன் பதவியை இழந்த ஷ்ட்ராவுஸ், உயிர்த்தெழுதலைச் சீடர் கண்ட காட்சியனுபவமாகவே விளக்கினார். அதனைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆயினும் சீடர் ஏமாற்றுக்காரர் என்னும் ரைமாருஸின் கருத்தை வலுவாக மறுத்தவர்களுள் அவரும் ஒருவர். வஞ்சகத்திலிருந்து உயிரையே கொடுக்கத் துணியும் விசுவாசம் பிறவாது என்றார். இயேசு சிலுவையில் மயங்கினாரேயன்றி இறக்கவில்லை என்னும் விளக்கத்தையும் 1864-இல் அவரே தகர்த்தார்; குற்றுயிராய்க் கல்லறையினின்று ஊர்ந்து வந்த ஒருவர் சாவை வென்றவராகச் சீடருக்குத் தோன்றியிருக்க முடியாது என்பது அவர் வாதம். இவ்வாறு ஓர் ஐயத்தின் பிழையை மற்றோர் ஐயமே வெளிப்படுத்திற்று. ரைமாருஸின் முழு நூலோ, அவர் இறந்து 204 ஆண்டுகள் கழிந்து 1972-இல்தான் அச்சேறியது.

6. நமக்குரிய பாடம்

ஐயம் விசுவாசத்தைவிட மேலானது என்று நாம் கூறவில்லை. ஐயத்தையே அணிகலனாகப் பூண்டு திரிவோரும் உளர். அது தோமாவின் ஐயமன்று. தோமா நம்ப விரும்பினார், நம்ப இயலவில்லை. அவருடைய நம்பாமை, மற்றச் சீடரின் நம்பிக்கையினும் நமக்கு மிகுந்த பயன் தந்தது என்று ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மகா கிரெகோரியார் தம் மறையுரையில் கூறினார். நம் நாட்டுத் திருச்சபை தன் பழமையான மரபை இத்தோமாவின் பெயரோடு இணைத்துப் போற்றுவதும் எண்ணத்தக்கது.

யோவான் தரும் குறிப்பொன்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எட்டு நாட்களுக்குப் பின் சீடர் மீண்டும் உள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடிருந்தார். நம்பேன் என்று சொன்னவரை அவர்கள் வெளியேற்றவில்லை, அவரும் வெளியேறவில்லை. விசுவாசத்துக்கும் ஐயத்துக்கும் நடுவே நீண்ட அந்த எட்டு நாட்களைச் சபை பொறுத்துக்கொண்டது. ஆண்டவர் வந்தபோது தோமா அங்கிருந்தது அதனாலேயே. ரைமாருஸுக்கு அந்த எட்டு நாட்களை அவர் காலத்துத் திருச்சபை அளிக்கவில்லை. அவரும் அதனைக் கேட்கவில்லை. விளைவு, 30 ஆண்டு மௌனமும், அதனைத் தொடர்ந்த பெருங்கலகமும்.

நம் வகுப்பறைகளிலும் வாலிபர் சங்கங்களிலும் இவ்வினாக்கள் இன்றும் எழுகின்றன. சில வேளைகளில், அடக்க ஆராதனையை நடத்தித் திரும்பும் குருவின் உள்ளத்திலேயே எழுகின்றன. அவற்றை உரைக்க நம்மிடையே இடமுண்டா? உரைப்பவரைச் சகோதரராகவே வைத்து, பவுலைப்போல் பொறுமையோடு வாதாட நாம் ஆயத்தமா? பூட்டிய கதவுகளினூடே வந்து நின்றவர் ஐயுற்றவனுக்குத் தம் காயங்களைக் காட்டினார். அவர் வரும்வரை தோமாவுக்கு நம் நடுவே இடம் வைத்திருப்பது நம் கடமையாகும்.