தாழ்ச்சியின் பன்னிரு படிகள்

மேல்நாட்டுத் துறவறத்தின் தந்தையெனப் போற்றப்படும் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலுள்ள மாண்டே கசீனோ மடத்தில் வாழ்ந்தபோது இயற்றிய ஒழுங்கு நூலின் ஏழாம் அதிகாரத்தில், அகங்காரத்தை வென்று தேவ சிநேகத்தை அடைவதற்குரிய மார்க்கமாக வகுத்துரைத்த ஆன்ம சாதனை முறையே தாழ்ச்சியின் பன்னிரு படிகள் எனப்படும். 73 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் இருதயமாக இவ்வதிகாரம் மதிக்கப்படுகிறது.

முன்னோர் கருத்து

ஏனைய பாவங்கள் தீமையிலிருந்து பிறக்க, அகங்காரமோ நற்செயலையே தனக்கு உணவாக்கிக்கொண்டு வளர்வது. ஆகையால் அதனை வெல்லுதல் அரிது என்பதை எகிப்தியப் பாலைவனத் துறவிகள் தம் அனுபவத்தால் கண்டிருந்தனர். அவர்களுடைய போதனையை மார்செய் நகருக்குக் கொணர்ந்த யோவான் காசியான், வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிட்டு, ஒரு தோலை உரித்தால் அடியில் மற்றொன்று தோன்றுமென்று முதியோர் கூறிவந்ததை எடுத்துரைத்தார். அவர் தொகுத்த தாழ்ச்சியின் பத்து அடையாளங்களே ஆசீர்வாதப்பரின் பன்னிரு படிகளுக்கு வித்தாயின. ஆசீர்வாதப்பரின் சரித்திரத்தை எழுதிய பாப்பரசர் முதலாம் கிரகோரியார் (ஆட்சி 590–604) அகங்காரத்தைச் சகல பாவங்களுக்கும் வேரெனக் கொண்டார். தமிழ்க் கத்தோலிக்கர் ஓதும் தலையான பாவங்கள் ஏழின் வரிசையும் அகங்காரத்திலேயே தொடங்குகிறது.

படிகளின் வரிசை

ஆதியாகமத்தில் யாக்கோபு கனவிற் கண்ட ஏணியை ஆசீர்வாதப்பர் இங்கு உருவகமாகக் கொள்கிறார்; தன்னை உயர்த்துகிறவன் அதில் இறங்குகிறான், தாழ்த்துகிறவன் ஏறுகிறான். சர்வேசுரனுடைய சந்நிதியில் இருக்கிறோம் என்னும் நினைவை ஒருபோதும் மறவாதிருத்தல் முதற்படி. சுயசித்தத்தைப் பற்றிக்கொள்ளாமை, மேலோர்க்குக் கீழ்ப்படிதல், அநீதி நேரினும் பொறுமையோடு சகித்தல் ஆகியவை அடுத்த மூன்று. உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை மடாதிபதியிடம் மறையாது வெளியிடுதல், எளியவற்றில் எளியது கிடைப்பினும் திருப்தியடைதல், எல்லாரினும் தானே கடையன் என்று நாவினால் மட்டுமன்றி நெஞ்சாரவும் உணர்தல், பொது ஒழுங்கை மீறித் தனித்து விளங்க விழையாமை என்பன அவற்றின்பின் வருவன. ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள படிகள் மௌனத்தையும், எளிதில் சிரித்துவிடாத அடக்கத்தையும், சாந்தமான சில்வார்த்தைகளையும் பற்றியவை. பன்னிரண்டாவதில் தாழ்ச்சி உடலிலும் வெளிப்பட, துறவி தலைகவிழ்ந்து நின்று, லூக்கா சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் தேவாலயத்தின் தூரத்தே நின்று இரக்கம் வேண்டிய ஆயக்காரனின் ஜெபத்தைத் தன் ஜெபமாக்கிக்கொள்கிறான். இங்ஙனம் எல்லாப் படிகளையும் ஏறியவன் பயத்தைப் புறந்தள்ளும் பூரண சிநேகத்தை அடைந்து, முன்பு அஞ்சிச் செய்தவற்றையெல்லாம் இனி அன்பினாலேயே இயல்பாகச் செய்வான் என்று அதிகாரம் முடிகிறது.

அன்றாட வாழ்வில்

இப்போதனை உபதேசமாக மட்டும் நின்றுவிடவில்லை. சமையற்பணியை அனைவரும் வாரமுறையில் ஏற்பதும், வாரப்பணி முடிப்பவர் சகோதரர் அனைவருடைய பாதங்களையும் கழுவுவதும், வந்த விருந்தினரின் பாதங்களை மடாதிபதியும் மடத்தாரும் கழுவுவதும், கடைசி இராப்போசனத்தில் சேசுநாதர் தம் சீஷருக்குச் செய்த பணிவிடையைப் பின்பற்றிய விதிகளாகும். மடத்தில் வரிசை, பிறப்பையோ வயதையோ கருதாமல், பெரும்பாலும் சேர்ந்த நாளைக் கொண்டே அமைந்தது. தன் கைத்திறனால் மடத்துக்கு இலாபம் வருகிறதென்று செருக்குற்ற தொழிலாளி, மனந்தாழும் வரை அத்தொழிலினின்றும் விலக்கப்படுவான். கூடிவாழ்வோரிடையே முள்ளெனத் தைக்கும் மனஸ்தாபங்கள் அகல வேண்டி, காலையிலும் மாலையிலும் கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாரும் கேட்கச் சொல்லப்பட வேண்டுமென்பது மற்றொரு விதி. பிறரை மன்னித்தாலன்றித் தனக்கு மன்னிப்பு வேண்ட இயலாதென்பதை அந்த ஜெபமே நினைப்பூட்டுகிறது.

பெர்நார்தின் விளக்கம்

12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடாதிபதியாகிய புனித பெர்நார்து (1090–1153) தாழ்ச்சி, அகங்காரம் இரண்டின் படிகளையும் பற்றித் தனி நூல் செய்தார். மூலப்படிகளைத் தலைகீழாக்கி, பிறரைக் குறித்த வீண் ஆராய்ச்சியில் தொடங்கிப் பாவமே பழக்கமாகிவிடுவது வரை இறங்கும் பன்னிரு படிகளை அவர் விவரித்தார். சகோதரரோடு இரவெல்லாம் சங்கீதம் பாடியதைவிடத் தனியே செய்த சிறு ஜெபமொன்றையே எண்ணி மகிழ்பவனை அவர் அப்படிகளுள் ஒன்றில் நிறுத்துவதிலிருந்து, ஜெபமும் செருக்குக்கு இரையாகக் கூடுமென்பது விளங்கும். இதற்கு மாற்றாக அவர் சத்தியத்தின் மூன்று நிலைகளைக் காட்டினார்: தாழ்ச்சியினால் மனிதன் தன் நிலையை உள்ளபடி அறிகிறான், தன் பலவீனத்தை அறிந்தமையால் பிறர் பலவீனத்துக்கு இரங்கி அவர்களை நேசிக்கிறான், இந்நேசத்தால் நெஞ்சு தூய்மையடைந்து, தியானத்தில் சத்தியத்தை அதன் சொரூபத்திலேயே தரிசிக்கிறான்.

முக்கியத்துவம்

ஆசீர்வாதப்பர் சபையாரும், சிஸ்டர்சியன், திராப்பிஸ்ட் துறவிகளும் இவ்வொழுங்கை இன்றும் கைக்கொள்கின்றனர். இல்லறத்தாரும் இதனைத் தம் நிலைக்கேற்பப் பயில்கின்றனர். தாழ்ச்சி, சிநேகம், ஜெபம் ஆகிய மூன்றும் அகங்காரமென்னும் நோய்க்குத் தனித்தனி மருந்துகளல்ல, ஒன்றையொன்று காக்கும் ஒரே வாழ்வின் முகங்களே என்பது இப்படிகளின் சாரம். சிநேகமில்லாத தாழ்ச்சி தன்னையே சுற்றிவருவதாகவும், ஜெபமில்லாத தாழ்ச்சி தன் முயற்சியையே மெச்சுவதாகவும் முடிதல் கூடும். ஆகையால் தாழ்ச்சியின் மெய்ம்மையைத் தன்னைப்பற்றி ஒருவன் கூறும் இழிசொற்களால் அளவாமல், அடுத்தவனுக்கு அவன் மனமுவந்து செய்யும் ஊழியத்தால் அளத்தலே தகும்.